ஒரு ஷாட் போனால் நாலு குழியும் போகிறதே!

கேள்வி: வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடுகிறேன். பயிற்சித் திடலான டிரைவிங் ரேஞ்சில் பந்து சொன்னபடி கேட்கிறது. களத்தில் இறங்கி ஒரு ஷாட் தவறிவிட்டால் அடுத்த நாலு குழியும் சொதப்பல்தான். 18 குழி முடியும்வரை கவனத்தைப் பிடித்து வைப்பது எப்படி? தியானம் பழகலாமா?

பதில்: பிடித்து வைக்கவே வேண்டாம். 18 குழி ஆடி முடிக்க ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யாராலும் கூர்ந்திருக்க முடியாது, தொழில்முறை ஆட்டக்காரர்கள் உட்பட. ஒரு கணக்குப் போடுங்கள். 2019-ல் திருத்திய விதிகள், தடங்கல் ஏதும் இல்லையென்றால் ஒரு ஷாட்டை 40 வினாடிக்குள் அடிக்கச் சொல்கின்றன. நீங்கள் 90 ஷாட்டில் முடிப்பவர் என்று வைத்துக்கொண்டால் மொத்தமே ஒரு மணி நேரம். மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு, பேச்சு. உங்கள் ஆட்டம் கெடுவது இந்த மூன்று மணி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். தவறிய ஷாட்டை மனதுக்குள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே நடந்தால், அடுத்த ஷாட்டுக்குப் போய்ச் சேரும்போதே களைத்துப்போவீர்கள்.

நடக்கும்போது கோல்ஃபை விட்டுவிடுங்கள். கூட ஆடுபவரிடம் வேறு எதையாவது பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள். கோபம் வந்தால் வரட்டும். மட்டையைப் பையில் திரும்ப வைக்கும்வரை உங்களை நீங்களே திட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது. (மட்டையை வீசுவது மட்டும் வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்பார்கள்.)

பந்துக்குச் சில அடி பின்னால் வந்து நிற்கும்போது கவனம் தொடங்கட்டும். காற்று, தூரம், பந்து கிடக்கும் புல், எந்த மட்டை என்ற யோசனையெல்லாம் அங்கேயே முடிய வேண்டும். பிறகு பந்து எப்படிப் பறந்து எங்கே விழ வேண்டும் என்று மனக்கண்ணில் பாருங்கள். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் இந்தப் படம் தெளிவாகத் தெரியாமல் பயிற்சியில்கூட அடித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். மூச்சை, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள்; தோளும் கைப்பிடியும் தளரும். அப்புறம் போய் நின்று, இலக்கை ஒருமுறை பார்த்து, அடித்துவிடுங்கள். குனிந்து நின்ற பிறகு சந்தேகம் வந்தால் விலகி, மறுபடி பின்னாலிருந்து தொடங்குங்கள்.

அடிக்கும் நேரத்தில் முழங்கை, இடுப்பு எதையும் நினைக்காதீர்கள். பழகிப்போன அசைவை நடுவில் மேற்பார்வை பார்க்கப் போனால் அது தடுமாறும். பதற்றத்தில் ஆட்டம் குலைவதற்கு உளவியலாளர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்கில் கண்ணை மட்டும் கவனியுங்கள். கனடாவின் ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் ஆட்டக்காரர்களின் கண் அசைவை அளந்து பார்த்தார். தேர்ந்தவர்களின் பார்வை அடிப்பதற்கு முன் பந்தில் அசையாமல் நிற்கிறது, பந்து உருண்ட பிறகும் ஒரு கணம் அங்கேயே தங்குகிறது. மற்றவர்களின் கண் அங்குமிங்கும் அலைகிறது.

ரேஞ்சில் எல்லாம் சரியாக வருவது பெரிய மர்மம் இல்லை. ஒரே மட்டை, ஒரே இடம், தவறினால் கூடையில் அடுத்த பந்து. அங்கேயும் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை மாற்றி, பின்னால் நிற்பதிலிருந்து தொடங்கி அடித்துப் பழகுங்கள்.

அடுத்த நாலு குழி போவதற்கு உங்கள் ஸ்விங்கைவிட உங்கள் முடிவுகள்தான் காரணமாக இருக்கும். 1999 பிரிட்டிஷ் ஓபனில், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி களத்தில் கடைசிக் குழிக்கு வந்தபோது பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையில் இருந்தார். அது பார் 4, அதாவது நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய குழி. ஆறில் முடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். முதல் ஷாட் அடிக்கும் இடமான டீயில், நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகியும் தப்பித்தது. அடுத்ததை, வழியில் குறுக்கிடும் ஓடைக்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 2 ஐயன் என்ற நெடுந்தூர மட்டையை எடுத்து, குழி இருக்கும் கிரீனைக் குறிவைத்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி உயரமான புல்லில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது ஓடைக்குள். ஷூவைக் கழற்றித் தண்ணீரில்கூட இறங்கிப் பார்த்தார். ஏழில் முடித்து, சமநிலையை முறிக்க ஆடும் பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். ஓடையில் நின்ற காட்சியைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த 2 ஐயன்தான் உறுத்துகிறது. அதை எடுக்கும்வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆகவே பந்து மரங்களுக்குள் போய்விட்டால் இடைவெளி தேடி சாகசம் செய்யாதீர்கள். பக்கவாட்டில், புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள். ஒரு போகியோடு (பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) போகும். மிஞ்சினால் டபுள் போகி. இழந்ததை அடுத்த ஷாட்டிலேயே மீட்கப் பார்க்கும்போதுதான் ஒரே குழியில் எட்டும் ஒன்பதும் வருகின்றன.

தியானம் தாராளமாகப் பழகுங்கள், ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். இந்த வாரமே ஏதாவது மாற வேண்டுமென்றால், ஸ்கோர் கார்டைக் கூட ஆடுபவரிடம் கொடுத்து, கடைசிக் குழி முடியும்வரை கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.