சென்னைக் கோடையில் ஆண்கள் என்ன உடுத்தலாம், காலில் என்ன போடலாம்?

அலுவலகம் இல்லாத நாட்களில், சென்னை வெயிலுக்கு ஏற்ற சட்டையையும் காலணியையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கோடை உடை பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல, மாலையானால் குளிர்ந்துவிடும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ வெயிலைக் காட்டிலும் கடற்காற்றின் ஈரப்பதமே பெரிய தொல்லை. வியர்வை எளிதில் உலராத ஊரில் நிறம், வடிவம் ஆகியவற்றுக்கு முன்பாகத் துணியையே பார்க்க வேண்டும்.

பருத்தி, காற்றிலிருந்து மட்டுமே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும். லினன் ஏறத்தாழ 12 விழுக்காடு. பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. 'லினன் போன்ற' என்று விற்கப்படும் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான் என்பதால், கழுத்துப்பட்டியில் உள்ள விலைச்சீட்டோடு நின்றுவிடாமல், உள்பக்கத் தையலில் இருக்கும் சிறு துணிச்சீட்டைப் புரட்டி, எந்த நூல் எத்தனை விழுக்காடு என்று படித்த பிறகே பணம் கொடுங்கள். லினன் கசங்கும், அதை இஸ்திரி போட்டு மல்லுக்கட்டுவது வீண் வேலை. கசங்கல் பிடிக்காதவர்களுக்குச் சீர்சக்கர் என்னும் பருத்தித் துணி பொருந்தும். நெய்யும்போதே நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் சிலவற்றை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் விடுவதால் அதில் சுருக்கங்கள் எழும்பி நிற்கின்றன. துணி முழுவதுமாக உடம்பில் படியாது, இஸ்திரியும் வேண்டாம்.

கட்டம் போட்ட கைத்தறிச் சட்டையும் நல்ல தேர்வே. நம் ஊர்ப் பெயரால் உலகம் அறிந்த மெட்ராஸ் கட்டம், 1950களின் இறுதியில் அமெரிக்காவில் சலவைக்குச் சலவை சாயம் போனது. பிறகு அந்தக் குறையையே சிறப்பாக்கி விளம்பரம் செய்து விற்றார்கள்! நீங்கள் அப்படிப்பட்ட துணியை வாங்கினால் முதல் சில முறை தனியாக அலசுங்கள். கால்சட்டைக்கு மெல்லிய பருத்தி போதும். கனமான ஜீன்ஸை மழைக்காலம் முடியும்வரை மடித்து வைத்துவிடலாம்.

காலணியில் என் முதல் பரிந்துரை, குதிகாலில் வார் உள்ள தோல் சாண்டல். ஒரே இணையைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால், உறிஞ்சிய வியர்வை உலர்ந்து தோல் நெடுநாள் உழைக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர்ச் செருப்பு ஜிப்பாவுக்கும் லினனுக்கும் அழகாகப் பொருந்தும். ஆனால் தண்ணீர் படக்கூடாது. கான்வாஸ் ஷூ அணிபவர்கள், வெளியே தெரியாத குட்டைக் காலுறையாவது போட வேண்டும். இல்லாவிட்டால் ஷூவைக் கழற்றும் வீட்டில் சங்கடம்தான்.

அடிப்பாகம் எதனால் ஆனது என்பதைக் கடையில் பெரும்பாலோர் கேட்பதில்லை. பாலியூரித்தேன் என்னும் மெத்தென்ற பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் காலுக்குச் சுகமாக இருக்கும். ஆயினும் காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. விசேஷத்துக்கென்று பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுத்தால், நான்கு எட்டு வைப்பதற்குள் கேக் துண்டுபோல் உதிரும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பிலும் இந்த ஆபத்து உண்டு. எப்போதாவது மட்டும் போடப்போகும் காலணி என்றால் ரப்பர் அடிப்பாகமே மேல். பாலியூரித்தேன் வாங்கினால் அதை அன்றாடம் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.