எந்த நிலைக்கு மீட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கார்களை மீட்டெடுப்பது குறித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவத்துக்கே ஒரு காரைத் திரும்பக் கொண்டுசெல்வதில் உள்ள நியாயம் புரிகிறது. ஆனால், வேறொரு பட்டறை என்ஜினைப் பிரித்து, அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பொருத்தி, உடலையும் வெட்டி ஒட்டிய ஸ்போர்ட்ஸ் காரை ஏன் மீட்க வேண்டும்? அசல் ஏற்கெனவே கலைந்துபோன ஒன்றில் எதை அசல் நிலை என்பது? எண்ணிக்கையில் அரிது என்பதற்காக மட்டுமே இந்த மோகம் என்று எனக்குப் படுகிறது.

ர.

அன்புள்ள ர.,

அரிது என்பதற்காக மட்டுமே வாங்கிப் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வி, அதாவது எதை அசல் என்பது என்ற கேள்விதான் முக்கியமானது. இந்த வேலையில் இறங்குபவர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுவே என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் ஃபாஃபென்ஹவுசன் என்ற சிற்றூரில் இருக்கும் ரூஃப் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ஷே 911 காரை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் 1987இல் உருவாக்கிய சிடிஆர், 3.4 லிட்டர் என்ஜினும் இரண்டு டர்போக்களுமாக 469 குதிரைத்திறனைத் தந்தது; அதே ஆண்டு ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் மணிக்கு 339 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, பெரிய நிறுவனங்களின் கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பத்திரிகையாளர்கள் வைத்த 'யெல்லோபேர்ட்' என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ரூஃப் தன் சொந்த சேஸிஸ் எண்ணில், அதாவது காரின் சட்டத்தில் பொறிக்கும் அடையாள எண்ணில், கட்டியவை 29 கார்கள். அவற்றின் எண் போர்ஷேயின் எண்ணாக இராமல் W09 என்று தொடங்கும். ஜெர்மானியச் சட்டத்தின் பார்வையில் ரூஃப் தனி உற்பத்தியாளர். வாடிக்கையாளர்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்த போர்ஷேக்களையும் அதே பட்டறை அதே முறையில் மாற்றிக் கொடுத்திருக்கிறது. அவையும் உண்மையானவையே, ஆனால் அவற்றின் வரலாறு வேறு. ஆகவே மீட்பவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் சேஸிஸ் எண்ணையும் பழைய ரசீதுகளையும் என்ஜினில் பொறித்த குறிகளையும் வைத்துக்கொண்டு, யார் எப்போது எதை மாற்றினார் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சிடிஆரின் உடலைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக, 911இன் டர்போ மாடலுக்குரிய அகன்ற உடலைத் தவிர்த்து, கரேரா மாடலின் குறுகலான உடலை எடுத்தார்கள். கூரையோரத்தில் மழைநீர் வழிவதற்காக இருந்த தகர விளிம்பையும் நீக்கினார்கள். இதை அறியாத ஒரு நல்ல பட்டறை, போர்ஷேயின் உதிரிபாகப் பட்டியலைப் பார்த்து அந்த விளிம்பை மிகச் சுத்தமாகப் பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தால், அது மீட்பாகுமா? ஒருவர் யோசித்து எடுத்த முடிவு அங்கே அழிந்துபோகிறது. தொழிற்சாலைக் காரை மீட்பவருக்குப் பட்டியல் துணை நிற்கும். இத்தகைய காரை மீட்பவர் உலோகத்தையே வாசிக்க வேண்டும்.

உலோகத்தைவிடவும் எளிதில் அழியக்கூடியது ஒன்று உண்டு. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் ட்யூன் செய்யப்பட்ட, அதாவது திறனைக் கூட்டுவதற்காகத் திருத்தியமைக்கப்பட்ட, பல கார்களில், எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் கணிக்கும் எண்களை ஈப்ரோம் எனப்படும் சிப்பில் பதிந்து வைத்தார்கள். புற ஊதா ஒளி பட்டால் அழிவதற்காக அதில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன்மேல் ஒட்டிய காகிதத்துண்டு மட்டுமே காவல். காகிதம் உரிந்தாலோ, பத்தாண்டுகள் பல கடந்து மின்னூட்டம் கசிந்தாலோ அந்த எண்கள் போய்விடும். என்ஜினைத் திறக்கும் முன்பே அந்தச் சிப்பைப் படித்துப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிஸ்டனை மீண்டும் வார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவர் சோதனை மேடையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கண்டடைந்த எண்களை ஊகித்து எழுத முடியாது. ட்யூனிங் என்பதைச் சுருதி சேர்ப்பது என்று சொல்லிப் பார்த்தால், அவர் சேர்த்த சுருதி அந்தச் சிப்பில்தான் இருக்கிறது.

மீட்டெடுப்பும் ட்யூனிங்கும் நேரெதிர் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2005இல் வெளியிட்ட இசட்-ட்யூன் என்ற கார் அதற்கு நல்ல பதில். அதற்கு அடிப்படையான ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்34 தலைமுறை உற்பத்தி 2002இலேயே நின்றுவிட்டதால், 30,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடிய பழைய கார்களைத் தேடி வாங்கி, வெற்றுக் கூடாகும்வரை பிரித்து, உடலை வலுப்படுத்தி, 2.8 லிட்டர் என்ஜினும் 500 குதிரைத்திறனுமாகத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் காரின் பிறப்பே ஒரு மீட்டெடுப்பு. அதற்கு முந்தைய தலைமுறையான ஆர்33இல் அவர்கள் செய்த 400ஆர், நூறு அளவில் கட்டத் திட்டமிட்டு 44உடன் நின்றுபோனது. அவ்வளவு அரிதாக்க வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை, பாதியில் நின்றதால் அப்படி ஆனது. சந்தை இதை மறந்துவிட்டு விலை சொல்கிறது.

எவ்வளவு திருத்தலாம் என்பதில் மீட்பவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வெப்பத்தில் வெடித்த ரப்பர் ஹோஸ்களையும் எரிபொருள் குழாய்களையும் இன்றைய தரமான பொருளால் மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் பழைய ரப்பரை மதித்துக் காரையே தீக்கு இரையாக்குவது மடமை. ஆனால் டர்போ விழித்தெழச் சற்று நேரம் பிடிக்கிறது என்பதற்காகப் புதிய டர்போவையும் புதிய கணினியையும் பொருத்துவதை ஏற்க மாட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்தபின் வரும் அந்த மௌனமும், அதைத் தொடர்ந்து முதுகை இருக்கையோடு அழுத்தும் பாய்ச்சலும் அந்தக் காரின் குணம். அது பிடிக்காதவர் புதிய கார் வாங்கிக்கொள்ளலாம். முந்தைய உரிமையாளர்கள் பின்னாளில் செருகிய கூடுதல் மீட்டர்களையும் ஸ்பீக்கர்களையும் தயங்காமல் கழற்றலாம், துளைகளை அடைத்துவிடலாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: இந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகும் என்று சொல்லி விற்க வருபவரிடம் ஈப்ரோம் சிப்பைப் படித்து வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மீட்டபின் ஓட்ட வேண்டும். நிறுத்தியே வைத்தால் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பிரேக் இறுகும். வேகமாக ஓட்டி வந்த கையோடு சாவியைத் திருப்பிவிடாமல், ஓரிரு நிமிடம் என்ஜினை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையெனில் கொதிக்கும் டர்போவின் தாங்கிகளில் தேங்கிய எண்ணெய் கரியாகிவிடும். மீட்டெடுத்த ஒருவரின் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நான் சென்றது ஒரே ஒரு முறைதான். வந்து நின்றபின் அந்த இரண்டு நிமிடமும் அவர் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்