அம்மாவின் தூக்க மாத்திரையும் கிளினிக் பதிவேடும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. அப்பா இறந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக இரவில் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் ஐந்து மாத்திரை கொடுத்து, "சட்டம் கடுமையாக இருக்கிறது, இனி இதைக் கேட்டு வராதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். அதனால் இங்கே பினாங்கில், பட்டர்வொர்த்திலும் பிறையிலும் மூன்று கிளினிக்குகளில் மாறி மாறி வாங்குகிறோம். ஓரிடத்தில் அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். அம்மா கூனிக் குறுகிப்போனார். பெயர் போலீசுக்குப் போகுமா? மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? - வாசகி, பிறை

பதில்: நிறுத்தாதீர்கள். இன்றிரவும் வழக்கமான அந்த ஒரு மாத்திரையைக் கொடுங்கள். ஒன்பது ஆண்டு பழகிய உடலிலிருந்து இந்த மருந்தைத் திடீரென்று பறித்தால் நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு வலிப்பே வந்துவிடும்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி அம்மாவிடம் ஆறுதலாகச் சொல்லுங்கள். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிமுறைகள்படி, அல்பிரசோலம் போன்ற மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு கிளினிக்கும் யாருக்கு, என்று, எத்தனை கொடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்க அதிகாரிகள் வந்தால் வாங்கியது, கொடுத்தது, இருப்பு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கணக்குக் கேட்கப்படுவது டாக்டரிடம். மாத்திரை வாங்கியதற்காக அம்மாவைப் போலீசில் காட்டிக்கொடுக்கும் புத்தகம் அல்ல அது.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. பட்டர்வொர்த் கிளினிக் எழுதியதைப் பிறை கிளினிக் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் மருந்தை எழுதுபவரே பெரும்பாலும் கையிலும் கொடுத்துவிடுகிறார். இடையில் நின்று "இது போன வாரமே வாங்கியதாயிற்றே" என்று கேட்க இன்னொருவர் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1995இல் மருந்தகங்களையெல்லாம் ஒரே கணினி வலையில் இணைத்தது. அங்கே முதியோரிடமும் அரசு உதவி பெறுவோரிடமும் செய்த ஆய்வில், ஒரு டாக்டரிடம் நிறைய வாங்கிய ஏழு நாளுக்குள் வேறு டாக்டர், வேறு மருந்தகம் மூலம் அதே மருந்தை மறுபடி வாங்குவது வலிநிவாரணி அபின் வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், அம்மா சாப்பிடும் வகையில் ஏறக்குறைய பாதியும் குறைந்தது. கண்ணுக்குத் தெரிந்ததும் கை தானாக நின்றிருக்கிறது.

வெறும் கெடுபிடி வேறு மாதிரி முடிந்ததும் உண்டு. நியூயார்க் மாநிலம் 1989இல் இதே வகை மாத்திரைகளுக்கு மூன்று பிரதி மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு பிரதி அரசுக்குப் போகும். மாத்திரை எழுதுவது மளமளவென்று குறைந்தது. பதிலுக்கு மெப்ரோபமேட் போன்ற பழைய, இன்னும் ஆபத்தான மயக்க மருந்துகள் கூடின. டாக்டர்கள் பேனாவை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டார்கள். நோயாளியின் தூக்கம் வந்ததா என்று யார் கேட்டார்கள்?

உங்கள் புதிய டாக்டர் மீது எனக்கு வருத்தம் இருக்கிறது. காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொடுப்பது தவறுதான். அதே மருந்தை ஐந்து மாத்திரையோடு அறுத்துவிட்டு, 71 வயது அம்மாவைக் கிளினிக் கிளினிக்காக அலையவிடுவதும் தவறே. எந்தச் சட்டமும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இனி ஒரே டாக்டர் போதும். அரசாங்க கிளினிக்கானாலும் சரி, தனியாரானாலும் சரி, "குறைக்க உதவுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இருக்கும் அளவில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைத்துப் பார்ப்பது ஒரு வழி. மாதங்கள் பிடிக்கலாம், நடுவில் சில வாரம் நின்று போகலாம். குறைப்பது எதற்கு என்றால், இந்த வயதில் இம்மருந்தால் கால் தடுமாறி விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் அதிகம். அதுவரை இரவில் குளியலறை விளக்கு எரியட்டும். மயக்கம் தரும் சளி, இருமல் மருந்தோ டிரமடோல் போன்ற வலி மாத்திரையோ டாக்டரைக் கேட்காமல் இதனுடன் சேர்க்காதீர்கள்.

அப்பா போன துக்கத்தில் தொடங்கிய மாத்திரை இது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதைப் பற்றி இந்த ஒன்பது ஆண்டில் யாரும் அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டார்கள். போகும்போது மூன்று கிளினிக் மாத்திரை உறைகளையும் மறைக்காமல் எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.