வீட்டை அடமானம் வைக்காதீர்கள், மகள் எழுதும் நிரலைப் பாருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், இரண்டு கம்ப்யூட்டர்களின் நேரத்தை ஒன்றாக்குவதற்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். உறவினர்களோ வெளிநாட்டில் ஏஐ முதுகலை படிக்க அனுப்பச் சொல்கிறார்கள். அதற்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது, அம்மா. ஆனால் என் பதில் ஒன்றுதான்: வைக்காதீர்கள். அந்தப் படிப்பை அவள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. "எல்லோரும் படிக்கிறார்கள்" என்பதற்காகத் திருப்பிக் கட்டத் திணறும் கடனை வாங்கக் கூடாது.

அவள் செய்வது விளையாட்டு என்று நினைக்கிறீர்கள், இல்லையா? கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டும் படிகத்தின் துடிப்பு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே, ஒரு நாளில் கடிகாரம் முக்கால் விநாடிக்கு மேல் விலகிவிடும். பல 5ஜி நெட்வொர்க்குகளில் அடிப்படை நிலையங்கள் (செல்போன் சிக்னல் தரும் கோபுரங்கள்) ஒரு பொது நேரத்தோடு 1.5 மைக்ரோ விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். தவறினால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் குறுக்கிடும். பங்குச் சந்தை, மின்கட்டமைப்பு, தொலைக்காட்சி ஒளிபரப்பு, தொழிற்சாலை ரோபோக்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தேவை உண்டு. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் தொடங்கிய ஒயிட் ராபிட் என்ற நேர ஒத்திசைவுத் திட்டம் ஒரு நானோ விநாடிக்கும் குறைவான துல்லியத்தை எட்டியது. அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

1985இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் வெளியிட்ட என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும்) விதிமுறை இன்றும் இணையத்தின் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதைவிடத் துல்லியம் வேண்டிய இடத்தில் 2002இல் முதலில் வந்த ஐஇஇஇ 1588 என்ற தரநிலை, அதாவது பிடிபி. லினக்ஸில் பலரும் பிடிபிக்கு லினக்ஸ்பிடிபியையும், என்டிபிக்கு குரோனியையும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது யாரும் படித்துத் திருத்தம் அனுப்பலாம். செய்தி போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமம் என்றுதான் இவை கணக்குப் போடுகின்றன. சமமில்லாவிட்டால் அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாக உட்கார்ந்துவிடும். மென்பொருளில் நேரத்தைக் குறித்தால் அதன் தாமதம் ஏறி இறங்கி இந்தச் சமத்தைக் கெடுக்கும். அதனால்தான் அங்கே குறிக்காமல், நெட்வொர்க் அட்டையின் சிப்பிலேயே குறிக்கிறார்கள். அப்புறம் கடிகாரத்தைச் சட்டென்று தள்ளாமல், அதன் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். இதற்கு சி மொழி, லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி), கட்டுப்பாட்டுக் கோட்பாடு, புள்ளியியல் நான்கும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். அப்படிச் சேர்வது அபூர்வம்.

வேலை விளம்பரங்களில் "கடிகார ஒத்திசைவுப் பொறியாளர்" என்று தேடினால் அதிகம் கிடைக்காது. நெட்வொர்க் சிப் செய்பவர்கள், தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்கள், வாகன மின்னணு நிறுவனங்கள் ஆகியவற்றின் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்), கெர்னல் பிரிவுகளில் தேட வேண்டும். அங்கே சான்றிதழைவிட, இத்தகைய திறந்த மூல மென்பொருளில் ஏற்கப்பட்ட திருத்தம் நிறையப் பேசும். அவள் எழுதிய வரியையும், அதற்கு மூத்தவர்கள் எழுப்பிய கேள்வியையும், அவள் பதிலையும் யாரும் திறந்து படித்துக்கொள்ளலாம்.

செலவு? மென்பொருள் இலவசம். சிப்பிலேயே நேரத்தைக் குறிக்கத் தெரிந்த நெட்வொர்க் அட்டை போட்ட இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் போதும். முதலில் இரண்டின் நேர விலகலை அளந்து வரைபடமாக வரையட்டும். பிறகு அந்த மென்பொருளின் விளக்கக் குறிப்பில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பட்டும், அதற்கப்புறம் நிரலில் ஒரு சிறு திருத்தம். முதல் முயற்சி ஏற்கப்படாமல் திரும்பி வரலாம். அதற்கு வீட்டில் யாரும் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்கக் கூடாது.

இதில் எனக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, பட்டப்படிப்பை அவள் பாதியில் விடக் கூடாது. சிக்னல், கட்டுப்பாடு பாடங்களில் நல்ல மதிப்பெண் வேண்டும், அவள் வேலைக்கே அவைதான் அடித்தளம். இரண்டு, படித்து முடித்து ஒரு வருடம் தேடியும் வேலை அமையவில்லை என்றால் முதுகலையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் எம்பெடட் சிஸ்டம்ஸ் அல்லது நெட்வொர்க்கிங்தான், அதுவும் உதவித்தொகை கிடைக்கும் இடத்தில் மட்டும். வீட்டுப் பத்திரத்தை அப்போதும் எடுக்காதீர்கள்.