வலிப்பு மாத்திரை சாப்பிடும் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தங்கைக்கு இரண்டு முறை ஃபிட்ஸ் வந்து லெவிடிராசிடம் என்ற வலிப்பு மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார்கள், எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 11 வருடமாக அதே மாத்திரை சாப்பிடுகிறவள். ஊர் சேலம், அம்மாபேட்டை.

முதலில், ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடமாக ஃபிட்ஸே வராத சமயம் அது. ஏற்காட்டில் அத்தை வீட்டு விசேஷம். சாயங்காலமே இறங்கிவிடலாம் என்று சின்னக் கைப்பையோடு போனேன். மழையும் மூட்டமும் பிடித்துக்கொண்டது. 20 கொண்டை ஊசி வளைவையும் இந்த இருட்டில் இறங்க வேண்டாம் என்று தங்க வைத்துவிட்டார்கள். மாத்திரையோ அம்மாபேட்டையில் டிவிக்குப் பக்கத்தில். ராத்திரி வேளை போச்சு, பேச்சில் தூக்கமும் போச்சு.

விடிகாலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கியது வரைதான் ஞாபகம். கண் விழித்தால் வாயெல்லாம் ரத்தம், உள்ளங்கையில் இரும்புச் சாவிக்கொத்து, முன்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. நாக்கைக் கடித்துவிடுவேன் என்று அத்தை கரண்டிக் காம்பை வாயில் திணித்திருக்கிறார். பாசத்தில் செய்தார், பாவம். அதனால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்: சாவி வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

அன்றிலிருந்து என் பர்ஸில் இரண்டு நாள் மாத்திரை எப்போதும் இருக்கும். வீட்டில் 10 நாளுக்கு மீதி இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுவேன். ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீங்களாக இரண்டாகப் போட வேண்டாம். சரியாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து, விடாமல் தொடர்ந்து வலிப்பு வரலாம்.

குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போனால் படியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும், ஆற்றில் இறங்க வேண்டாம். வண்டி ஓட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம். லைசென்ஸுக்கான படிவம் 1-லேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தால், குழந்தைக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். சில வலிப்பு மாத்திரைகள், முக்கியமாக வால்புரோயேட், வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. தங்கை சாப்பிடும் இந்த லெவிடிராசிடம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். முதல் மூன்று மாதம் அம்மாவிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். திமிர் என்றார்கள், தனியாகப் போய் அழுவேன். டாக்டரிடம் சொன்ன பிறகுதான் அளவை மாற்றிக் கொடுத்தார். தங்கை அப்படி இருந்தால் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.