ஓடத் தெரிந்த குதிரைக்கு நிற்கச் சொல்லித் தருவது: உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை வாங்கிவிட்டு அதன் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை என்று தவிப்பவர்களிடமிருந்து. உங்கள் குதிரை அடங்காத குதிரை இல்லை. இரண்டு வயதிலிருந்து அதற்கு ஓடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், சும்மா நிற்க யாரும் சொல்லித் தரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

மாதவரம்: அண்ணா, ஆறு வயது ஆண் குதிரை, காயடித்தது. கயிற்றைப் பிடித்து நடத்தினால் என்னை இழுத்துக்கொண்டு போகிறான். நிறுத்தினால் தோளால் இடிக்கிறான். மூக்கில் சங்கிலி போடலாமா?

வேண்டாம் தம்பி. சங்கிலி வலிக்கும், வலித்தால் தலையைத் தூக்குவான், தலை தூக்கிய குதிரைக்குப் பயம் கூடும், அப்புறம் நீங்கள் இன்னும் பலமாக இழுப்பீர்கள். பந்தயத்தில் ஜாக்கி லகானைப் பிடித்து இழுக்க இழுக்கக் குதிரை அதன்மேல் சாய்ந்து ஓடப் பழகியிருக்கும். நீங்கள் விடாமல் இழுப்பதை அவன் 'சாய்ந்துகொள், போ' என்றுதான் எடுத்துக்கொள்வான். 450, 500 கிலோ உடம்போடு இழுபறி போட்டு ஒருவரும் ஜெயித்ததில்லை.

அதனால் இழுக்காதீர்கள், பிடித்துப் பிடித்து விடுங்கள். ஐந்தடி நடங்கள், நீங்கள் முதலில் நில்லுங்கள், அவன் தாண்டிப் போனால் கயிற்றில் சின்னதாக ஒரு பிடி, உடனே ஒரு விடுதல், மறுபடி ஒரு பிடி. அவன் நின்ற அந்தக் கணமே, ஏன், உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் பின்னால் மாற்றிய கணமே, கயிறு முழுக்கத் தளர வேண்டும். குதிரை பிடித்ததிலிருந்து கற்பதில்லை, விட்டதிலிருந்துதான் கற்கிறது. இரண்டு மூன்று விநாடி தாமதித்து விட்டால், அந்த நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தானோ அதைத்தான் சரி என்று நினைத்துக்கொள்வான். நின்ற பிறகு மார்பில் விரலை வைத்து ஒரே ஒரு அடி பின்னால் போகச் சொல்லுங்கள், போனதும் விரலை எடுத்துவிடுங்கள்.

தோளால் இடிப்பதற்கும் இதே வழிதான். அவன் உங்கள் மேல் வரும்போது நீங்கள் ஒதுங்கினால், 'இந்த ஆளை நகர்த்தலாம்' என்பது அவனுக்கு உறுதியாகிவிடும். ஒரு கை நீள இடைவெளி உங்களுடையது. அதற்குள் வந்தால் அவன்தான் நகர வேண்டும், கழுத்தில் விரலை வைத்து நகர்த்துங்கள். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் போதும். இடது பக்கம் சரியானதும் வலது பக்கத்திலிருந்தும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பந்தய லாயத்தில் சேணம் போடுவது, பிடித்து நடத்துவது எல்லாமே பெரும்பாலும் இடது பக்கம்தான், அதனால் வலது பக்கம் நிற்கும் மனிதர் அவனுக்குப் புது ஆள்.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். ஆரம்ப காலத்தில் என் மோதிர விரல் முறிந்தது சுற்றிப் பிடித்ததால்தான், இன்றைக்கும் அது முழுசாக மடங்காது.

திருவொற்றியூர்: கட்டிப்போட்டால் பின்னால் இழுத்துக் கயிற்றை அறுக்கிறது. இப்போது காசிமேட்டுக் கடையில் நைலான் கயிறு வாங்கிக் கட்டியிருக்கிறேன். சரிதானே?

உடனே அவிழ்த்துவிடுங்கள், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது மீன் வலை இழுக்கும் கயிறு, அறுகாது, அறுகாததால் குதிரையின் கழுத்துதான் பிசகும், அல்லது மல்லாந்து விழுந்து தலையில் அடிபடும். உங்கள் உள்ளங்கையும் கிழியும். கெட்டியான பருத்திக் கயிறு வாங்குங்கள்.

பந்தயக் குதிரை பலதும் ஒரு இடத்தில் கட்டப்பட்டு மணிக்கணக்கில் நின்று பழகியதே இல்லை. லாயத்து அறைக்குள் அவிழ்த்து விட்டிருப்பார்கள், வெளியே வந்தால் சயிஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள்) கையில் பிடித்திருப்பார். தலையை இழுத்துப் பார்த்து வரவில்லை என்றால் அதற்கு மாட்டிக்கொண்ட பயம் வந்துவிடும். அதனால் கட்டும் முன்பு, தலைக்கயிற்றை மெல்லக் கீழே அழுத்தினால் தலையைத் தாழ்த்தப் பழக்குங்கள். தாழ்த்தியதும் விடுங்கள். அது ஒரு வாரம் நன்றாக வந்த பிறகு, வழவழப்பான இரும்புக் குழாயில் கயிற்றை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நுனியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் போனால் கயிறு வழுக்கிக்கொண்டு வரும், ஆனால் கொஞ்சம் இறுக்கம் இருக்கும். நின்றால் இறுக்கம் போய்விடும். பயப்பட ஒன்றுமில்லை என்று அதுவே கண்டுபிடிக்கட்டும்.

கடைசியில் நிஜமாகக் கட்டும்போது குதிரையின் தோள் உயரத்துக்குக் குறையாமல், ஒரு கை நீளம் மட்டும் விட்டு, நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். சுவர் வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மெல்லிய சணல் துண்டு ஒன்று இருக்கட்டும். ஆபத்து வந்தால் அறுவது அதுவாக இருக்க வேண்டும்.

எண்ணூர்: கன்டெய்னர் லாரி சத்தத்துக்குத் துள்ளுகிறான். நெடுஞ்சாலையோரம் தினமும் கூட்டிப் போய்ப் பழக்கலாமா?

கூடாது. பயத்தோடு தினமும் நிறுத்தினால் பயம்தான் பழகும், அதுவும் அந்தச் சாலையில் ஒரு தடவை கை நழுவினால் குதிரையும் போகும், வண்டி ஓட்டி வருகிறவரும் போவார். பந்தயத்தில் எப்போதும் முன்னும் பின்னும் குதிரைகள் இருக்கும். தனியாக வெளியே போவதே இவனுக்குப் புதிது. கேட்டுக்கு உள்ளே, சத்தம் காதில் விழும், ஆனால் புல் தின்ன முடிகிற தூரத்தில் நிறுத்துங்கள். தின்பதை நிறுத்தினால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் தெரிந்தவரின் குட்டியானையை, அதாவது சின்ன சரக்கு வண்டியை, வளாகத்துக்குள் மெல்ல ஓட்டச் சொல்லி அதன் பின்னால் குதிரையை நடத்துங்கள். தன்னை நோக்கி வருவதைக் கண்டு ஓடும் குதிரை, தன்னைவிட்டுப் போகும் ஒன்றைத் தைரியமாகத் துரத்தும். இது நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்யும்.

கொளத்தூர்: சார், தினம் ஐந்து கிலோ கொள்ளும் தவிடும் கொடுக்கிறேன். ஆனாலும் மெலிவு, வயிற்றைத் தொட்டால் காதை மடக்கிக் கடிக்க வருகிறாள். திமிரா?

திமிர் இல்லை அம்மா, வலியாக இருக்கலாம். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கும். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும், நாளெல்லாம் புல் மென்று எச்சில் விழுங்கினால்தான் அது தணியும். தானியத்தைக் குறையுங்கள், ஒரே நாளில் இல்லை, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. காய்ந்த புல் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது ஏழு முதல் பத்து கிலோ, நாள் முழுக்கப் பிரித்து வையுங்கள். பச்சைப்புல் என்றால் தண்ணீர்தான் அதிகம், மூன்று நான்கு மடங்கு வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. நெடுநாள் கொடுத்தால் எலும்பு கெடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வயிறு, பல், முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியோடு இருக்கிற பெண்ணுக்கு நடத்தை சொல்லித் தருவது நியாயமே இல்லை.

மீஞ்சூர்: வெல்லம் கொடுத்துக் கொடுத்து இப்போது சட்டைப் பையைக் கடிக்கிறான்.

கையிலிருந்து கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாளியில் போடுங்கள், அதுவும் அவன் தலையை உங்களிடமிருந்து திருப்பிக்கொண்ட பிறகு. மூக்கில் அடிக்காதீர்கள், அடித்தால் கடித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும் வேகம்தான் கூடும்.

பழைய வண்ணாரப்பேட்டை: வைகாசியில் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்கள் குதிரையையே வைத்துக்கொள்ளலாமா? பந்தயம் விட்டு மூன்று மாதம் ஆகிறது.

வேண்டாம் கண்ணு. பேண்ட் செட், வெடி, ஜெனரேட்டர் விளக்கு, சந்துக்குள் குழந்தைகள். பந்தயம் விட்டு மூன்று மாதமே ஆன குதிரைக்கு இது நடக்காது, நான் பழக்கிய குதிரையாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் சம்மதிக்க மாட்டேன். ஊர்வலத்துக்கென்றே பழகிய குதிரையை அமர்த்திக்கொள்ளுங்கள்.

வைகாசி என்பதால் இன்னொன்று. நம் கடற்கரைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்வை சுரப்பதே நின்றுபோகும். உடம்பு காய்ந்து சூடாக இருக்கும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும். அப்படிப் பார்த்தால் எல்லா வேலையையும் நிறுத்தி, நிழலில் கட்டி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். வெயில் காலம் முழுக்கப் பாடம் சூரியன் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். அவர்களுக்கு அது புதிதும் இல்லை, பந்தயக் குதிரை விடியுமுன் எழுந்தே பழகியது.

செங்குன்றம்: லாடக்காரர் வந்தால் பின்னங்காலைத் தூக்க விடுவதில்லை.

லாடக்காரர் வராத நாளில் நீங்கள் பழக்குங்கள். தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் முதுகு வழியாகத் தொடைக்கும் காலுக்கும் கொண்டு போங்கள். காலை அவன் லேசாகத் தளர்த்தினாலே விட்டுவிடுங்கள், முதல் நாள் அவ்வளவுதான். பிறகு இரண்டு விநாடி, அப்புறம் ஐந்து. அவன் உதறும்போது விடாதீர்கள், அடங்கிய கணத்தில் நீங்களாகக் கீழே வையுங்கள். உயரமாகத் தூக்க வேண்டாம், பழைய அடி இருக்கும் முட்டி அந்த உயரத்துக்கு வலிக்கும்.