சினிமா கேள்வி பதில்: சும்மா உக்காந்திருந்தது ஒரு குத்தமா?

கே: 'தி சைலண்ட் ரெவல்யூஷன்' பாத்தேன். கிழக்கு ஜெர்மனில ஒரு ஸ்கூல் கிளாஸே ரெண்டு நிமிஷம் பேசாம உக்காந்ததுக்கு நாட்ட விட்டு ஓடற அளவுக்கு போகுது. நிஜமா நடந்ததா, இல்ல கதைக்காக ஏத்தி விட்டதா? (கல்லூரி மாணவி)

ப: நடந்ததுதாம்மா. நிஜத்துல ரெண்டு நிமிஷம் இல்ல, அஞ்சு நிமிஷம். 1956ல ஹங்கேரில சோவியத் பிடிக்கு எதிரா ஜனங்க தெருவுல இறங்கினாங்கல்ல, அதுல செத்தவங்களுக்காக ஹிஸ்டரி பீரியட்ல ஒருத்தரும் வாயத் திறக்கல. ஊரு பேரு ஸ்டோர்கோவ், பெர்லினுக்கு தென்கிழக்குல. அந்த கிளாஸ்ல படிச்ச டீட்ரிஷ் கார்ஸ்ட்கா 2006ல இத புக்கா எழுதினாரு, அத வெச்சு லார்ஸ் க்ரவுமே எடுத்த படம் 2018ல வந்துச்சு. டைரக்டர் ஊர மட்டும் ஸ்டாலின்ஸ்டாட்டுக்கு மாத்திட்டாரு, இரும்பு ஆலைக்காக புதுசா கட்டின சோசலிச டவுன் அது, இப்ப பேரு ஐஸன்ஹூட்டன்ஸ்டாட். மாத்தினது நல்ல யோசனைதான், அந்த வரிசை வரிசையான கட்டடங்களுக்கு நடுவுல பசங்க நடக்கும்போதே யாரோ மேலேந்து கவனிக்கிற மாதிரி ஒரு ஃபீல் வருது. ஆனா படத்துல அந்த கிளாஸ்ல வர்ற எரிக்ங்கிற பையனோட அப்பா ரகசியம் எனக்கு கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு, இருக்கிற கனமே போதாதா!

கே: கல்வி மந்திரியே நேர்ல வந்து விசாரிக்கிறாரே, நம்பற மாதிரியா இருக்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: நம்பித்தான் ஆகணும் சார், மந்திரி ஃபிரிட்ஸ் லாங்கே நிஜமாவே அந்த ஸ்கூலுக்கு வந்தாரு. இத்தனைக்கும் அவரு ஹிட்லர் காலத்துல ஜெயில்ல கிடந்தவரு. அரசாங்கம் ஏன் அவ்ளோ பயந்துச்சுன்னா, மூணு வருஷம் முன்னாடி 1953 ஜூன் 17ல அவங்க நாட்டுத் தொழிலாளிங்களே எழுந்து நின்னாங்க, சோவியத் டாங்கி வந்துதான் அடக்குச்சு, இப்ப ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்ல அக்டோபர் 23 அன்னிக்கு ஊர்வலத்த ஆரம்பிச்சதே ஸ்டூடண்ட்ஸ்தான். அதனால பதினெட்டு வயசுப் பசங்க கம்முனு உக்காந்தாக்கூட அவங்களுக்கு அது புரட்சி. ஆனா கவனிச்சுப் பாருங்க, மந்திரிக்கு வேண்டியது ஒரு பேரு, ஒரே ஒரு பேரு, ஆரம்பிச்சது யாருன்னு சொல்லிட்டா மத்தவங்க பரீட்சை எழுதிக்கலாம். ஒருத்தன காட்டிக்கொடுத்தவன் அப்புறம் காலத்துக்கும் அவங்க ஆளு, கணக்கு அதுதான். பசங்க சொல்லல, மொத்த கிளாஸையும் வெளிய தள்ளி, நாட்டுல எங்கயுமே ஸ்கூல் இறுதிப் பரீட்சை எழுத முடியாதபடி பண்ணிட்டாங்க. படம் பெரும்பகுதி நேரத்த இந்த விசாரணைலயே செலவு பண்ணுது, தப்பிக்கிற சீன் எங்கன்னு கேக்கறவங்களுக்கு போர் அடிக்கலாம், எனக்கென்னமோ அதுதான் சரின்னு தோணுது, ஏன்னா ஓடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பையனும் தன் ஃபிரண்ட சந்தேகப்பட ஆரம்பிக்கிறானே, ஆட்சி செஞ்ச வேலையே அதான.

கே: 1956ல பெர்லின் சுவரே இல்லையே, அப்புறம் என்ன பெரிய தப்பிப்பு?

ப: சுவர் வந்தது 1961 ஆகஸ்ட் 13. அதுக்கு முன்னாடியே 1952ல கிழக்கு மேற்கு எல்லைய வேலி போட்டு மூடியாச்சு. ஆனா பெர்லின் நாலு நாட்டுக் கைல இருந்த நகரம், உள்ளூர் ரயில்ல ஏறினா மேற்குப் பக்கம் போய் இறங்கிடலாம். 1949லேந்து 1961க்குள்ள சுமார் 27 லட்சம் பேர் கிழக்க விட்டு கிளம்பினாங்க, பலரு இந்த வழியாத்தான். ரயில்ல செக்கிங் உண்டு, பெட்டியும் கையுமா போனா மாட்டிப்பீங்க, அதனால பசங்க கிறிஸ்துமஸ் சமயத்துல சின்னச் சின்ன குரூப்பா கிளம்பினாங்க. டிக்கெட் சுலபம், திரும்பி வர்றதுதான் முடியாது, அப்பா அம்மா தம்பி தங்கச்சி எல்லாம் அங்கயே. சிலர் போகவே இல்ல, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. போனவங்க மேற்கு ஜெர்மனில பென்ஸ்ஹைம்ங்கிற ஊர்ல படிச்சு 1958ல பாஸ் பண்ணாங்க.

கே: ஹங்கேரி ஃபுட்பால் வீரர் புஷ்காஷ் செத்துட்டாருன்னு அவருக்காகத்தான் மௌனமா இருந்தோம்னு பசங்க சமாளிக்கிறாங்களே, அவரு அப்பவா செத்தாரு?

ப: சாகவே இல்ல! மேற்கு பெர்லின் ரேடியோ சொன்ன தப்பான நியூஸ் அது. மனுஷன் 1958ல ரியல் மாட்ரிட்ல சேந்து, 1960 ஐரோப்பியக் கோப்பை ஃபைனல்ல நாலு கோல் அடிச்சாரு, அதுவும் ஒரு ஜெர்மன் டீமுக்கு எதிரா.